மஞ்சளாய்ப் போன நாலு செடி

சென்னையில் இருக்கிற என் சித்தி மகள் போன வாரம் போன் பண்ணினாள். மாடியில் தக்காளி போட்டிருக்கிறாளாம். கடையில் வாங்கின கோகோபீட் கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பையில் நிரப்பி, விதை ஊன்றி, மூணாவது வாரமே நாற்றெல்லாம் மஞ்சளாகி நிற்கிறதாம். "அண்ணே, தண்ணி கூடிப்போச்சா?" என்றாள். தண்ணி இல்லம்மா, பசி என்றேன். அவளுக்குப் பிடிபடவில்லை. அரைமணி நேரம் போனில் விளக்கினேன்.

அதை அப்படியே இங்கே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்ததும் வேறு நாலு மஞ்சள் செடி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ரெண்டு வருசமாக ஒருத்தரிடமும் சொல்லாத விசயம். சம்பந்தப்பட்ட பையனிடம் கேட்டேன். "எழுதுங்க மாமா, பேரு மட்டும் வேண்டாம்" என்றான். ஆகவே எழுதுகிறேன். பேர் இருக்காது.

முதலில் கோகோபீட். உங்களுக்கு அது அமேசானில் வருகிற கட்டி. எங்களுக்கு அது குப்பை. தேங்காயின் மேல்மட்டையை நாங்கள் கதம்பை என்போம். கதம்பையை அடித்து நாரைப் பிரித்தால் அது தும்பு. தும்பை எடுத்த பிறகு உதிர்ந்து கிடக்கிற தவிட்டு நிறத் தூள்தான் தும்புச்சோறு. கயிறு திரிக்கத் தும்பு வேணும், சோறு யாருக்கும் வேண்டாம். நான் பையனாக இருந்தபோது கடற்கரைப் பக்கம் போனால், கதம்பை அழுகப்போட்ட குளத்து நாற்றமும் அதன் கரையில் மலை மாதிரி இந்தச் சோறும்தான் கிடக்கும். வருசக்கணக்கில் மக்காது. மழை பெய்தால் அதிலிருந்து சாயத் தண்ணி மாதிரி செவப்பாக வடியும். வயலில் இறங்கினால் பயிர் கருகும். "சவம், இத என்ன செய்ய" என்று திட்டிக்கொண்டே தீ வைப்பார்கள். தீயும் ஒழுங்காகப் பிடிக்காது, நாள்கணக்கில் புகையும்.

அந்தக் குப்பைதான் இன்றைக்குத் தூத்துக்குடி துறைமுகம் வழியாகக் கப்பலேறிப் போகிறது.

எனக்குத் தோவாளையில் அறுபது சென்ட். பாதி பிச்சி, கொஞ்சம் அரளி, மீதியில் சீசனுக்குத் தக்கபடி கேந்தியோ கோழிப்பூவோ. வரப்பில் பதினெட்டு தென்னை. எங்கள் ஊர் பூச்சந்தையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஓணம் வந்தால் மலையாளத்துக்காரர்கள் லாரி லாரியாக அள்ளிப் போவார்கள். அத்தப்பூ போட கேந்தி வேணும், வாடாமல்லி வேணும். அந்தப் பத்து நாள் விற்பனையை வைத்துத்தான் எங்களில் பாதிப் பேர் வருசத்துக் கடனை அடைக்கிறோம். மூணு வருசத்துக்கு முந்தி, மதுரையிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வருகிற கேந்தியை நம்புவதைவிட நாமே நாற்று விடலாமே என்று ஒரு யோசனை. வைகாசி கடைசியில் நாற்பது குழித்தட்டு வாங்கினேன். தட்டுக்குத் தொண்ணூற்றெட்டு குழி. விதை ஒட்டுரகம், விலை கேட்டால் தலை சுற்றும்.

குழித்தட்டுக்கு மண் ஆகாது, தும்புச்சோறுதான் வேணும் என்று எல்லாரும் சொன்னார்கள். விலை கொடுத்துக் கட்டி வாங்குவானேன், தும்பு மில்லில் சும்மா கிடக்கிறதே என்று ஒரு டெம்போ சோறு அள்ளி வந்து தட்டை நிரப்பினேன். கையில் எடுத்துப் பிழிந்தால் பஞ்சு மாதிரி தண்ணீர் நிற்கும். காற்றோட்டமும் உண்டு. வேர் பிடிக்க இதைவிட நல்ல மெத்தை இல்லை என்று நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

எட்டாம் நாள் முளைத்தது பச்சை. பதினஞ்சாம் நாள் வெளிறல். இருபதாம் நாள் இலை நுனி கருகி, செடி முழுக்க மஞ்சள். யூரியா கரைத்துத் தெளித்தேன், இன்னும் கருகியது. ஏறக்குறைய நாலாயிரம் நாற்றில் நட லாயக்காக மிஞ்சியது முந்நூறு கூட இல்லை. அந்த வருசம் ஓணத்துக்கு எனக்குப் பூ இல்லை. வீட்டுக்காரியின் வளையல் போன ஆடியில் அடகுக்குப் போனது, மறு ஆடிக்குத்தான் வந்தது.

என் தங்கச்சி மகன் ஈத்தாமொழி பக்கம் ஒரு தும்புச்சோறு கட்டி போடுகிற கம்பெனியில் வேலை பார்க்கிறான். நாற்றைப் பார்க்க வந்தவன் தட்டைக் கையிலெடுத்து ஒரு சிட்டிகை சோறை நாக்கில் வைத்தான். துப்பினான்.

"மாமா, இது உப்புத் தண்ணியில ஊறுன கதம்பைக்க சோறு. கழுவியளா?"

"கழுவணுமாடே?"

அவன் சிரிக்கவில்லை, அதுவே எனக்கு ஆறுதல். அவன் சொன்னதை என் பாசையில் சொல்கிறேன். சித்தி மகளுக்குச் சொன்னதும் இதுதான். பச்சைத் தும்புச்சோறில் ரெண்டு கோளாறு. ஒன்று உப்பு. கடலோரத் தென்னையின் மட்டையில் சோடியமும் பொட்டாசியமும் ஏறிக் கிடக்கும். சோறு தன் உடம்பில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் மூணு நாலு தடவை கழுவினால் ஒட்டாமல் நிற்கிற உப்புப் போகும், ஒட்டிக்கொண்டது போகாது. அதைப் பிடுங்கக் கால்சியம் வேணும். கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் கால்சியம் உள்ளே உட்கார்ந்துகொண்டு, சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியே தள்ளும். பிறகு ஒரு கழுவு. இதைச் செய்யாமல் நட்டால், நாம் கொடுக்கிற கால்சியத்தைச் செடிக்கு விடாமல் சோறே பிடித்துக்கொள்ளும்.

ரெண்டாவது கோளாறு பசி. பச்சைச் சோறில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு பங்கு கரி இருக்கிறது. இதை மக்கச்செய்கிற நுண்ணுயிருக்குத் தழைச்சத்து வேணும், சோறில் இல்லை, அதனால் செடிக்குப் போடுகிறதை முந்திக்கொண்டு தின்றுவிடும். பந்தியில் நமக்குப் பக்கத்தில் பெருந்தீனிக்காரன் உட்கார்ந்த கதை. கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து ரொம்ப காலமாகிறது. ஒரு டன் சோறுக்கு அஞ்சு கிலோ யூரியாவும் அஞ்சு புட்டி சிப்பிக்காளான் வித்தும் மாற்றி மாற்றி அடுக்கு போட்டு, ஈரம் காயாமல் ரெண்டு மாசம் நிழலில் வைத்தால், நூற்றுப் பன்னிரண்டு இருபத்துநாலாக இறங்கும். நிறமும் கறுத்துவிடும். அது உரம். நான் அதற்கப்புறம் அப்படித்தான் செய்கிறேன், அடுத்த வருச நாற்று நன்றாகவே வந்தது.

மருமகன் கம்பெனியில் இந்தக் கழுவல், கால்சியம் ஊறல் எல்லாம் தொட்டி தொட்டியாக நடக்கிறது. கழுவிய சோறைச் சிமெண்ட் களத்தில் வெயிலில் காயப்போட்டு, மீட்டர் வைத்து உப்புப் பார்த்து, பிரஸ்ஸில் அமுக்கி, அஞ்சு கிலோ கட்டியாக்குவார்கள். ஒரு கட்டியைத் தண்ணீரில் போட்டால் எழுபது லிட்டருக்கு மேல் உப்பும். (கழுவின செவப்புத் தண்ணீர் எங்கே போகிறது என்று நீங்கள் கேட்கலாம். பொள்ளாச்சி, காங்கயம் பக்கம் கிணற்றுக்காரர்கள் அதைத்தான் கேட்டுச் சண்டை போட்டார்கள். அது தனிக் கதை.)

"இவ்வளவு மெனக்கெட்டு யாருக்குடே அனுப்புகிய?" என்றேன்.

தக்காளி, ஸ்ட்ராபெரி வளர்க்கிறவர்களுக்கு என்றான். ஐரோப்பாவில் சதுப்பு நிலத்துப் பீட்டை வெட்டி எடுக்கிறதுக்கு எதிர்ப்பு வந்த பிறகு இதற்கு மவுசு. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "கஞ்சாவுக்கும் மாமா" என்றான். போனில் ஒரு படம் காட்டினான். வெள்ளைச் சுவர், மேலே கண்ணைக் கூசுகிற விளக்கு, வரிசையாகப் பைகள், ஒவ்வொன்றிலும் இடுப்புயரச் செடி. மண்ணே கிடையாது, நம் தும்புச்சோறு மட்டும். சத்தெல்லாம் தண்ணீரில் கலந்து சொட்டு சொட்டாக. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி சரி. பெரிய பெரிய கம்பெனிகள் வளர்க்கின்றன. தனி ஆளும் வீட்டுக்கு நாலு செடி வரை வைத்துக்கொள்ளலாம், ஒன்றிரண்டு மாகாணம் நீங்கலாக. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் ஒரு சட்டம்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம்ம ஊர்க் கதம்பை, கடல் தாண்டி, ஏசி அறையில் உட்கார்ந்து சிவமூலி வளர்க்கிறது. சுசீந்திரம் தேருக்கு வருகிற சாமியார்கள் சிலும்பியில் வைத்து இழுப்பதை என் தாத்தா காலத்தில் யாரும் குற்றமாகப் பார்த்ததில்லை. சித்த வைத்தியத்தில் அந்த இலை சேர்கிற லேகியமும் உண்டு. 1985-இல் சட்டம் வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. சட்டம் என்பது எல்லைக்கு எல்லை மாறுகிற சங்கதிதான். தென்னை வைத்திருக்கிற நான் இங்கே கள் இறக்கினால் உள்ளே போவேன். களியக்காவிளையைத் தாண்டினால் போர்டு மாட்டின கள்ளுக்கடை.

மருமகன் அன்றைக்குக் கழுவாத கழிவுக்கட்டி அஞ்சு கொண்டுவந்து போட்டான், உரமாக்கிக்கொள்ளுங்கள் என்று. நாலை அடுக்கு போட்டேன். ஒன்று திண்ணையில் கிடந்தது.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை. விதவை. பிச்சி பறிக்க என் தோட்டத்துக்கு வருவாள். ராத்திரி மூணு மணிக்குத் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு இறங்கினால், சந்தைக்கு மொட்டு போய்ச் சேர்கிறவரை நிமிரமாட்டாள். ஒரே மகன். டிப்ளமோ படித்துப் பெங்களூரில் ஓட்டல் வேலைக்குப் போனவன் வேலை போய்த் திரும்பி வந்திருந்தான். பகலெல்லாம் தூக்கம், சாயங்காலம் நாகர்கோவில். ஒருநாள் திண்ணையில் கட்டியைப் பார்த்துவிட்டு, "மாமா, இது ஒண்ணு தாங்களேன், மாடி ரூமுல பூச்செடி வைக்கலாம்னு" என்றான். பையன் மண்ணில் கை வைக்கிறானே என்று எனக்குச் சந்தோசம். கொடுத்தேன். கழுவணும்டே, கால்சியம் போடணும் என்று சொல்லித்தான் கொடுத்தேன். தலையாட்டினான்.

ஒரு மாசத்துக்கு அப்புறம், பறித்த மொட்டை அளந்து போட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அண்ணாச்சி, மவன் வச்ச செடி மஞ்சளாப் போவுது. அவன் ரெண்டு நாளா ஊர்ல இல்ல. நான்தான் தண்ணி விடுகேன். ஒருக்கா வந்து பாருங்களேன். ஆசையா வச்சிருக்கான்."

போனேன். மாடி அறை ஜன்னலில் அட்டை அடைத்திருந்தது. கதவைத் திறந்தால் பகலிலேயே பளீரென்று எல்.இ.டி விளக்கு. செவ்வந்திக்கு ராத்திரி பல்பு போட்டுப் பூவைத் தள்ளிவைக்கிற வேலையை நிலக்கோட்டைப் பக்கம் பார்த்திருக்கிறேன். அதே வேலைதான், இது வீட்டுக்குள்ளே. சுவரில் பிஸ்கட் கவர் மாதிரி வெள்ளித்தாள். நடுவில் நாலு பை.

என் கண் முதலில் பார்த்தது நிறத்தை. அடியிலை மஞ்சள், நுனி கருகல், மேல் கொழுந்து வெளிறி மேலே சுருண்டு. என் குழித்தட்டில் நான் பார்த்த அதே மஞ்சள். கழுவாத சோறு. கால்சியம் இல்லை, தழைச்சத்தைச் சோறே தின்கிறது. பையை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, கால்சியம் நைட்ரேட் ஒரு கை போட்டால் பத்து நாளில் தெளிந்துவிடும் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், வைத்தியம் சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் இலையின் வடிவத்தைப் பார்த்தேன். விரல் விரலாக, ஓரம் ரம்பம் மாதிரி. மருமகன் போனில் பார்த்த படம்.

நாலு செடி. கனடாவில் வீட்டுக்கு நாலு.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கையில் தண்ணீர்ச் செம்பு. "பூக்குமா அண்ணாச்சி?"

எனக்குக் கால் நடுங்கியது. வீடு அவள் பேரில். விளக்குக்குக் கரண்டு பில் அவள் கட்டுகிறாள், தண்ணீர் அவள் ஊற்றுகிறாள். கட்டி கொடுத்தவன் நான். சட்டத்தில் கஞ்சா என்பது பூங்கொத்து, இதில் இன்னும் பூவே இல்லை, ஆனால் செடி வளர்க்கிறதே தனிக் குற்றம். பத்து வருசம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். தெரிந்தே வீட்டை விட்டுக்கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. எனக்குத் தெரியாது என்று இந்தப் பிள்ளை எந்த ஸ்டேசனில் போய் நிரூபிப்பாள்? இதெல்லாம் அப்புறம் ஒரு வக்கீலிடம் வேறு யாருக்கோ கேட்கிற மாதிரிக் கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் போலீஸ் என்ற ஒரு சொல்தான் தலைக்குள் ஓடியது.

"நோய் புடிச்சிருக்கு பிள்ளே. வேரழுகல். விட்டா மத்ததுக்கும் பரவும். பிடுங்கணும்."

"ஐயோ, அவன் வருத்தப்படுவானே!"

"நான் சொல்லிக்கிடுகேன்."

நாற்பது வருசம் விவசாயம் பார்க்கிறேன். களை பிடுங்கியிருக்கிறேன், காய்ந்ததைப் பிடுங்கியிருக்கிறேன். பிழைக்கும் என்று தெரிந்த செடியைப் பிடுங்கியது அதுதான் முதல் தடவை. வேர் நன்றாகத்தான் ஓடியிருந்தது, சோறை வெள்ளையாகப் பின்னிப் பிடித்து. சாக்கில் சுருட்டி, பைகளையும் சேர்த்து எடுத்து வந்து, செடியை என் சாணிக்குழியின் அடியில் புதைத்தேன். செய்தது சரியா, போலீசில் சொல்லியிருக்கணுமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். எனக்கு அந்தப் பிள்ளையின் செம்புதான் கண்ணில் நின்றது.

மறுநாள் அவன் வந்தான். தோட்டத்தில் வைத்து என்னைப் பேசாத பேச்சில்லை. "வாங்கப் போனாத்தான மாமா புடிப்பாவ? நமக்குள்ளத நம்ம வீட்டுலேயே வச்சுக்கிட்டா யாருக்கு என்ன நட்டம்? கனடாவுல..."

"நாம இருக்கது கனடா இல்லடே. தோவாளை தாலுகா. புடிச்சா முதல்ல ஒனக்க அம்மையத்தான் கூட்டிட்டுப் போவான்."

அதைக் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. அவனுக்கு அந்த யோசனையே வரவில்லை என்று முகம் சொன்னது. இருபத்துநாலு வயசு. வாங்கின பொட்டலத்தில் இருந்த விதையை எடுத்து முளைக்கவைத்திருக்கிறான், எல்லாம் போனைப் பார்த்துப் படித்தது. இவ்வளவு நுணுக்கமாக ஒரு செடியைக் கவனிக்கத் தெரிந்தவனுக்கு, அம்மா தினமும் அந்த அறைக்குள் போய் வருகிறாள் என்பது கண்ணில் படவில்லை.

இதில் என் கருத்தைக் கேட்டால், நாலு செடிக்குப் பத்து வருசம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. உத்தரகண்டில் 2018-லேயே போதை குறைந்த ரகத்தை நாருக்காக வளர்க்க லைசென்ஸ் கொடுத்தார்கள், நாளைக்கு இங்கேயும் எதுவும் மாறலாம். அதே சமயம், அந்தப் பையன் பெங்களூருக்குப் போனபோது இருந்த முகமும் திரும்பி வந்தபோது இருந்த முகமும் எனக்குத் தெரியும். சோறு வைத்தால் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் மனநலப் பிரிவுக்கு மூணு தடவை நானே பைக்கில் கூட்டிப் போனேன். முதல் தடவை வழியெல்லாம் பேசவில்லை. மூணாவது தடவை, "மாமா, அந்தச் செடி எதுக்கு மஞ்சளாச்சு?" என்று கேட்டான். கழுவச் சொன்னேனேடே என்றேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வடசேரியில் நிறுத்தி டீ குடித்தோம். இப்போது முப்பந்தல் பக்கம் காற்றாலை மராமத்து வேலைக்குப் போகிறான். முழுசாக விட்டுவிட்டானா என்று நான் கேட்பதில்லை. காலையில் ஆறு மணிக்கு டிபன் பாக்ஸோடு பஸ்ஸுக்கு நிற்கிறான், அதைப் பார்க்கிறேன்.

அந்த நாலு பைச் சோறை ரொம்ப நாள் மூலையிலேயே போட்டிருந்தேன். மழையில் நனைந்து நனைந்து உப்பெல்லாம் போய், கறுத்து, மண்புழுகூட வந்துவிட்டது. போன தை மாசம் கவாத்து பண்ணின கையோடு பிச்சி மூட்டில் தட்டிவிட்டேன். இந்த வருசம் அந்த வரிசையில் மொட்டு கொஞ்சம் திரட்சி.

அவள்தான் அந்த வரிசையையும் பறிக்கிறாள். அவளுக்கு இன்னும் தெரியாது. எப்போதாவது, டார்ச் வெளிச்சத்தில் கையை நிறுத்தாமலே கேட்பாள்: "அண்ணாச்சி, மவன் அண்ணைக்கு வச்சிருந்தானே, அது என்ன பூ?"